மூன்று மாதம் இலவசம் என்றதும் பின் எண்ணைப் போட்ட ஓய்வூதியர்களுக்கு

அன்புள்ள ஓய்வூதியர்களே, குடும்ப ஓய்வூதியம் பெறும் சகோதரிகளே,

நம்மில் பலர் இப்போது போனில்தான் பாட்டுக் கேட்கிறோம். டேப் ரெக்கார்டருக்கு பெல்ட் மாற்ற ஆள் கிடைப்பதில்லை. ரேடியோவில் நமக்குப் பிடித்தது வரும்போது நாம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்போம். இந்த நிலையில் மகனோ பேத்தியோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, போனில் ஓர் ஆப்பைப் போட்டு, "மூணு மாசம் ஃப்ரீ தாத்தா, விளம்பரமே வராது, இங்க மட்டும் உங்க பின் நம்பரைப் போடுங்க" என்கிறார்கள். போடுகிறோம். சுசீலா பாடுகிறார், டி.எம்.எஸ். பாடுகிறார், ஜென்ஸியின் பாட்டும் அடுத்தடுத்து வருகிறது. அந்தச் சந்தோஷத்தில் பின் எண் போட்டது மறந்துபோகிறது. மறந்ததற்கு வயதைக் குறை சொல்லாதீர்கள். இருபத்தைந்து வயதுக்காரனும் மறக்கிறான். கணிசமான பேர் மறப்பார்கள் என்று தெரிந்துதான் அந்தச் சலுகையையே தருகிறார்கள்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் 'ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று ஒரு பதிவேடு உண்டு. சேமிப்புக் கணக்கிலிருந்து மாதாமாதம் ஆர்.டி.க்கு இவ்வளவு, கடன் தவணைக்கு இவ்வளவு என்று வாடிக்கையாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அவரே மறுபடி வந்து 'நிறுத்து' என்று எழுதிக் கொடுக்கிற வரை அது ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பதிவேடு இன்று உங்கள் போனுக்குள் வந்துவிட்டது. பேத்தி காட்டிய கட்டத்தில் நீங்கள் பின் எண்ணைப் போட்டபோது உங்கள் வங்கிக்கு ஒரு நிரந்தர உத்தரவு கொடுத்திருக்கிறீர்கள். இப்போதைக்குப் பூஜ்யம், மூன்று மாதம் கழித்து நூற்றுச் சொச்சம், அப்புறம் நீங்கள் சொல்கிற வரை மாதாமாதம் அதே. உத்தரவை எங்கே கொடுத்தீர்களோ அங்கே போய்த்தான் அதைத் திரும்ப வாங்க முடியும். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதன் விவரம்.

பின் எண் போட்ட அன்று அந்தத் திரையை யாரும் நிதானமாகப் படித்திருக்க மாட்டோம். இப்போது படிக்கலாம். யூபிஐ ஆப்பைத் திறந்து, மேலே ஓரத்தில் இருக்கும் உங்கள் படத்தையோ பெயரின் முதல் எழுத்தையோ தொடுங்கள். வருகிற பட்டியலில் 'ஆட்டோபே' என்று ஒன்று இருக்கும். கூகுள் பே, போன்பே, பேடிஎம் எதுவானாலும் இடமும் பெயரும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். உள்ளே போனால் நீங்கள் கொடுத்த உத்தரவுகள் வரிசையாக நிற்கும். ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். யாருக்கு, எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எல்லாம் எழுதியிருக்கும். தொகையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். பல உத்தரவுகளில் அது 'இவ்வளவு வரை' என்று இருக்கும். சந்தா நூற்றுச் சொச்சம்தான், ஆனால் உச்சத் தொகை ஆயிரக்கணக்கில் இருக்கலாம். நாளைக்கு விலை ஏறினால் உங்களிடம் மறுபடி வந்து பின் எண் கேட்க வேண்டாம் என்பதற்காக விட்டுவைத்த இடைவெளி அது. முடிவுத் தேதியையும் விட்டுவிடாதீர்கள். சிலவற்றில் அது பல்லாண்டு தள்ளி இருக்கிறது. அத்தனை வருடம் எம்.எஸ்.வி. பாட்டுக் கேட்கக் கொடுத்து வைத்திருந்தால் நல்லதுதான்.

நான் அதிகம் கேட்கிற வார்த்தை, "அந்த ஆப்பை நான் அப்பவே தூக்கிட்டேனே சார்" என்பது. ஆப்பைத் தூக்கினால் உத்தரவு போகாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு மகள் ஊருக்குப் போய்விட்டால் பேப்பர்காரர் பில் போடாமல் இருப்பாரா? அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். ஆப் என்பது உங்கள் போனில் இருக்கும் ஒரு ஜன்னல். சந்தாக் கணக்கு நிறுவனத்திடம் இருக்கிறது, பணம் கழிக்கும் உத்தரவு வங்கியில் இருக்கிறது. ஜன்னலை எடுத்துவிட்டால் நமக்குத்தான் உள்ளே நடப்பது தெரியாமல் போகும். போனையே மாற்றினாலும், சிம்மை மாற்றினாலும் இதே கதைதான்.

சரி, எங்கே போய் ரத்து செய்வது? நீங்கள் எந்த வாசல் வழியாக உள்ளே போனீர்கள் என்பதைப் பொறுத்தது அது. ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர் மூலமாகப் பணத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தால், பிளே ஸ்டோரைத் திறந்து உங்கள் படத்தைத் தொட்டு, 'பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்பதற்குள் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' போக வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸைத் திறந்ததும் முதலில் தெரியும் உங்கள் பெயரைத் தொட்டால் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' வரும். இந்த இரண்டு பட்டியலிலும் உங்கள் பாட்டு ஆப் இல்லையென்றால் சந்தா இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பேத்தி அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாகச் சேர்த்துவிட்டிருக்கலாம். அப்போது குரோமில் அவர்கள் தளத்துக்குப் போய், உங்கள் கணக்குக்குள் நுழைந்து, திட்டம் பற்றிய பக்கத்தில்தான் ரத்து இருக்கும். ஸ்பாட்டிஃபையில் பலருக்கு இப்படித்தான். நான்காவதாக ஒரு வாசல் உண்டு. போன் ரீசார்ஜ் பேக்கோடு சேர்ந்து வந்த சந்தா அது. அதை போன் கம்பெனியின் ஆப்பில்தான் பார்க்க வேண்டும்.

எந்த வாசல் என்றே நினைவில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சேர்ந்த அன்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும். ஜிமெயிலில் அந்த ஆப்பின் பெயரைப் போட்டுத் தேடினால், அதை அனுப்பியது கூகுள் பிளேயா, ஆப்பிளா, பாட்டு நிறுவனமே நேரடியாகவா என்று தெரிந்துவிடும். பலருடைய ஜிமெயில் கடவுச்சொல் மருமகனுக்குத்தான் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அவரிடம் கேட்டு வாங்கி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் மின்னஞ்சல் உங்கள் கையில் இருக்கட்டும்.

அடுத்தது, எப்போது ரத்து செய்வது. கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். சேர்ந்த அன்று மாலையே செய்துவிடுங்கள். பெரும்பாலான சேவைகளில் இன்றே ரத்து செய்தாலும் இலவசக் காலம் முடிகிற வரை பாட்டு ஓடும், முடிந்த அன்று தானாக நின்றுவிடும். விதிவிலக்கும் உண்டு. சோதனைக் காலத்தில் ரத்து செய்தால் உடனே சேவையை இழக்க நேரலாம் என்று ஆப்பிள் தன் உதவிப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. புதுப்பிக்க வேண்டாமென்றால் சோதனைக் காலம் முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே ரத்து செய்யச் சொல்வதும் அதே பக்கம்தான். ஆகவே ரத்து பொத்தானை அழுத்தும் முன் அந்தத் திரையில் 'இந்தத் தேதி வரை கேட்கலாம்' என்று இருக்கிறதா, 'உடனே நிற்கும்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். உடனே நிற்கும் என்றால், முடிகிற தேதிக்கு மூன்று நாள் முந்தைய கட்டத்தில் நாள்காட்டியில் ஒரு வட்டம் போடுங்கள். ஃபிரிட்ஜ் மேல் மாட்டியிருக்கும் மாதக் காலண்டர் போதும். போனில் அலாரம் வைத்தால் அது அடிக்கும்போது அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவோம்.

மூன்று நாள் எதற்கு என்றால், 'மூன்று மாதம்' என்பது எந்த மணி நேரத்தில் முடிகிறது என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. 2025 ஆகஸ்டிலிருந்து யூபிஐ ஆட்டோபே கழிவுகளை நெரிசல் இல்லாத நேரத்தில்தான் செய்ய வேண்டும் என்று தேசியக் கொடுப்பனவு நிறுவனம் விதி வைத்திருக்கிறது. காலை பத்து மணிக்கு முன், மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை, இரவு ஒன்பதரைக்குப் பின் என்று நேரம் பிரித்திருக்கிறார்கள். காலைக் காபியை ஆற்றிக்கொண்டே 'இன்றைக்குத்தானே கடைசி நாள், சாயங்காலம் பார்க்கலாம்' என்று நீங்கள் யோசிக்கும்போது கழிவு முடிந்திருக்கலாம்.

இனி அந்த ரத்துத் திரை. உங்களோடு உட்கார்ந்து அழுத்திப் பார்ப்பதுபோலச் சொல்கிறேன். 'கேன்சல்' என்பதைத் தொட்டவுடன் ரத்து ஆகிவிடாது. முதலில் ஒரு சோகமான திரை வரும். விளம்பரமில்லாமல் கேட்பது போய்விடும், டவுன்லோடு செய்தவை போய்விடும் என்று இழப்புகளை அடுக்கியிருப்பார்கள். கீழே பளிச்சென்ற நிறத்தில் அகலமாக ஒரு பொத்தான் இருக்கும், அது 'தொடர்கிறேன்'. அதற்கும் கீழே வெளிறிய எழுத்தில், பொத்தான் போலவே தெரியாத ஒரு வரி இருக்கும். உங்களுக்கு வேண்டியது அதுதான். அதைத் தொட்டால், 'ஏன் போகிறீர்கள்?' என்று ஐந்தாறு காரணம் கேட்பார்கள். ஏதாவது ஒன்றைத் தொடுங்கள், யாரும் விசாரணைக்கு அழைக்கப்போவதில்லை. அடுத்து, 'இன்னும் ஒரு மாதம் பாதி விலையில் தருகிறோம்' என்று ஒரு சலுகை வரலாம். அதை ஏற்றால் மறுபடி முதலிலிருந்து. வேண்டாம் என்று தாண்டிப் போனால் கடைசியாக உறுதி கேட்கும் திரை வரும். பாதியில் போன் அடித்து, பேசிவிட்டு வந்து, முடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

முடிந்ததா என்பதைத் தெரிந்துகொள்ள, அதே சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பட்டியலுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். தேதிக்கு முன்னால் இதுவரை 'ரினியூஸ்', அதாவது புதுப்பிக்கப்படும் என்று இருந்திருக்கும். ரத்து சரியாக நடந்திருந்தால் அங்கே முடிவடையும் என்ற பொருளில் 'எண்ட்ஸ்' என்றோ 'எக்ஸ்பயர்ஸ்' என்றோ மாறியிருக்கும், அல்லது சந்தா அந்தப் பட்டியலிலிருந்தே போயிருக்கும். ரத்தானதாக ஒரு மின்னஞ்சலும் வரும். அந்தத் திரையை ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் 'ரசீது இருக்கா?' என்று எத்தனை பேரைக் கேட்டிருப்பேன்! இப்போது நம்மை யாராவது கேட்டால் காட்ட அது ஒன்றுதான் இருக்கிறது.

இதற்குப் பிறகு ஆட்டோபே பட்டியலுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். சந்தாவை ரத்து செய்தும் உத்தரவு அங்கே உயிரோடு நின்றால் அதையும் எடுத்துவிடலாம். 'பாஸ்' என்றால் தற்காலிக நிறுத்தம், 'ரிவோக்' அல்லது 'கேன்சல்' என்றால் அடியோடு நீக்கம். நீக்கும்போது பின் எண் கேட்கும், பயப்பட வேண்டாம், கொடுத்த கையெழுத்தைத் திரும்ப வாங்கவும் கையெழுத்து வேண்டுமல்லவா? வரிசை மட்டும் முக்கியம். முதலில் சந்தா, அப்புறம் உத்தரவு. உத்தரவை மட்டும் நீக்கிவிட்டுச் சந்தாவை விட்டுவைத்தால் 'பணம் வரவில்லை, வேறு வழியில் கட்டுங்கள்' என்று அவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு பலவீனமான காலை நேரத்தில் நீங்களும் கட்டிவிடுவீர்கள்.

நம் பக்கம் ஒரு நல்ல விதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. தானாகப் பணம் கழிக்கும் உத்தரவுகளுக்கு ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் ஒரு சட்டகம் கொண்டுவந்தது. 2020 ஜனவரியில் யூபிஐயும் அதற்குள் வந்தது. நிறுவனங்களும் வங்கிகளும் தயாராக அவகாசம் கேட்டுக் கேட்டு, கடைசியில் 2021 அக்டோபர் 1 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அந்த மாதம் பலருக்குத் தானாகப் போய்க்கொண்டிருந்த சந்தாக்கள் பாதியில் நின்றன. 'எனக்கு நெட்ஃபிளிக்ஸ் வரலை' என்று மகன்கள் சலித்துக்கொண்டது அதனால்தான். விதி இதுதான்: பணம் கழிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். யார் கழிக்கிறார்கள், எவ்வளவு, என்றைக்கு, எதற்காக என்று அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு கழிவையோ மொத்த உத்தரவையோ வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும். இந்த வசதிக்காக வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. இதற்கு ஈடாக, 15,000 ரூபாய்க்குள் இருக்கும் கழிவுகளுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க வேண்டியதில்லை என்று விட்டிருக்கிறார்கள். முதலில் 2,000 என்றிருந்த வரம்பு 5,000 ஆகி, 2022 ஜூனில் 15,000 ஆனது.

அறிவிப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கே வருகிறது என்று பாருங்கள். நகைக் கடன் வேண்டுமா, மனை வேண்டுமா, முழு உடல் பரிசோதனை பாதி விலையில் வேண்டுமா என்ற குறுஞ்செய்திகளுக்கு நடுவில், இங்கிலீஷில், வங்கியின் சுருக்கப் பெயரோடு வருகிறது. 'டியர் கஸ்டமர்' என்று ஆரம்பித்து, மேண்டேட், டெபிட், டியூ என்ற சொற்களோடு ஒரு தொகையும் தேதியும் இருந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். டெபிட் கார்டில் கொடுத்த உத்தரவென்றால், வங்கியின் நெட் பேங்கிங்கில் 'ஈ-மேண்டேட்' என்றோ 'ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்றோ ஒரு பக்கம் இருக்கும். அங்கே நீக்கலாம். முடியாவிட்டால் கிளைக்குப் போய் எழுதிக் கொடுங்கள். 'ஆன்லைன்ல பாத்துக்குங்க சார்' என்று கவுண்டரில் இருக்கும் பையன் சொல்லலாம். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எதையாவது சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்பியவன்தான், ஆகவே சொல்கிறேன், இரண்டாம் முறை கேட்டால் செய்து கொடுப்பார்கள்.

இத்தனை இலவசம் எப்படிக் கட்டுப்படியாகிறது என்று உங்களில் கணக்கு வழக்குப் பார்த்தவர்கள் யோசித்திருப்பீர்கள். 2015இல் ஆப்பிள் மியூசிக் தொடங்கப்போகிற சமயம், மூன்று மாதம் இலவசம் என்று அறிவித்தார்கள். அந்த மூன்று மாதத்துக்குப் பாடகர்களுக்கும் பணம் கிடையாது என்பது முதலில் போட்ட திட்டம். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் ஜூன் 21 அன்று ஒரு திறந்த மடல் எழுதி, தன் '1989' ஆல்பத்தை அங்கே தரமாட்டேன் என்றார். அன்று இரவுக்குள் ஆப்பிளின் மூத்த அதிகாரி எடி கியூ, இலவசக் காலத்துக்கும் பணம் தருவதாக அறிவித்தார். சேவை ஜூன் 30 அன்று தொடங்கியது. ஒருவருக்கு இலவசம் என்றால் இன்னொருவர் அதைச் சுமக்கிறார் என்பது அந்த ஒன்பது நாளில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. நிறுவனம் சுமக்கிறது என்றால் பின்னால் வசூலாகும் என்ற நம்பிக்கையில்தான் சுமக்கிறது. பாட்டுப் பிடித்துப்போய்க் கட்டுகிறவர்களிடமிருந்து கொஞ்சம் வரும். மறந்துபோய்க் கட்டுகிறவர்களிடமிருந்தும் வரும்.

மறதிக்கு ஒரு விலைகூடப் போட்டிருந்தார்கள். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது தானாகப் புதுப்பிக்கும் சந்தா மாதம் 119 ரூபாய். ஒரே ஒரு மாதத்துக்கு மட்டும், புதுப்பிக்காமல் வாங்குவதென்றால் 129 ரூபாய். ஒரு நாளைக்கு 13, ஒரு வாரத்துக்கு 39 என்றும் இருந்தது. நான் இந்தப் பட்டியலைப் பார்த்துச் சிரித்தேன். உங்கள் வங்கிக் கணக்கின் கதவைத் திறந்து வைத்தால் பத்து ரூபாய் தள்ளுபடி! என்னைக் கேட்டால் 129தான் மலிவு. விலைகள் அதற்குப் பிறகு மாறிக்கொண்டே இருக்கின்றன, ஆனால் எந்தச் சேவையிலும் ஒருமுறை மட்டும் கட்டுகிற திட்டம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் நமக்கு அதுதான் சரி. இன்னொன்றும் செய்யலாம். பென்ஷன் வருகிற கணக்கை யூபிஐயில் இணைக்காமல், வேறொரு சேமிப்புக் கணக்கில் இரண்டாயிரம் மூவாயிரம் மட்டும் போட்டு அதை இணைத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் எது போனாலும் அதற்குள் போகட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்காக. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் ஏமாற்றுத் திரை வடிவங்களைத் தடுக்க வழிகாட்டு விதிகளை அறிவித்தது. பதின்மூன்று வகைகளைப் பட்டியலிட்டது. அதில் ஒன்று சந்தாப் பொறி. ரத்து செய்யும் இடத்தை ஒளித்து வைப்பது, ரத்தைச் சிக்கலாக்குவது, குழப்பமான வழிமுறை தருவது எல்லாம் அதில் அடங்கும். இலவசச் சந்தா கொடுப்பதற்காகப் பணம் கட்டும் விவரத்தையோ தானாகக் கழிக்கும் அனுமதியையோ கட்டாயப்படுத்திக் கேட்பதும் அதே பட்டியலில் இருக்கிறது! வேண்டாம் என்பவரை வெட்கப்படுத்துவது போன்ற வாசகம் போடுவது இன்னொரு வகை. இலவசம் முடிந்து கட்டணம் தொடங்குவதைச் சொல்லாமல் பணம் எடுப்பது மற்றொன்று. விதியைப் படித்துவிட்டுப் போனைத் திறந்தால், இரண்டும் ஒரே நாட்டில்தான் இருக்கின்றனவா என்று சந்தேகம் வரும். 2025 ஜூனில் ஆணையம், இணைய வணிகத் தளங்கள் தங்கள் திரைகளைத் தாங்களே மூன்று மாதத்துக்குள் தணிக்கை செய்ய வேண்டும் என்று அறிவுறுத்தியது. தன் கிளையைத் தானே தணிக்கை செய்த மேலாளர் எவராவது குறை கண்டுபிடித்ததாக எனக்கு நினைவில்லை. இருந்தாலும் விதி விதிதான். சொல்லாமல் எடுத்தார்கள், ரத்து செய்தும் எடுத்தார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள், தமிழிலும் பேசலாம். அதற்கு முன் நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள். ஆப்பிளிலும் கூகுள் பிளேயிலும் பணத்தைத் திரும்பக் கேட்கத் தனிப் பக்கம் உண்டு. கழிந்த ஓரிரு நாளில், பாட்டே கேட்காத நிலையில் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த மடலில் மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ரத்து செய்ய வழி தெரியவில்லை என்று கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' தேடி, முதலில் வருகிற எண்ணைக் கூப்பிடாதீர்கள். அது அந்த நிறுவனத்தின் எண்ணாக இல்லாமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. கனிவாகப் பேசுவார்கள், 'சார்' போட்டுப் பேசுவார்கள். "ரீஃபண்ட் அனுப்பறேன், ஒரு சின்ன ஆப் மட்டும் போட்டுக்குங்க" என்பார்கள். அந்த ஆப்பைப் போட்டால் உங்கள் திரை அவர்களுக்குத் தெரியும். எனிடெஸ்க் என்ற அப்படிப்பட்ட ஆப்பைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2019 பிப்ரவரியில் வங்கிகளை எச்சரித்திருக்கிறது. பணம் வாங்குவதற்கு ஒருபோதும் பின் எண் தேவையில்லை. பணம் தருகிறேன் என்பவர் பின் எண் போடச் சொன்னால் பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐக் கூப்பிடுங்கள், பிறகு வங்கியை. நூற்றுப் பத்தொன்பது ரூபாயைத் திரும்ப வாங்கப் போய் வைப்புத்தொகையை இழந்தவர்களை நான் வேலையில் இருந்தபோதே பார்த்திருக்கிறேன்.

இன்னும் சில சந்தேகங்கள் என்னிடம் வருகின்றன. ரத்து செய்தால் கணக்கே போய்விடுமா? போகாது. ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்றவற்றில் விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்கும் நிலைக்குத் திரும்புவீர்கள். ஆப்பிள் மியூசிக்கில் அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது, சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். டவுன்லோடு செய்து வைத்தவை நமக்குத்தானே? இல்லை, சந்தா இருக்கிறவரைதான் அவை திறக்கும். கேசட் வாங்கிய பழக்கத்தில் வருகிற கேள்வி அது. கம்பெனியே மூடிவிட்டால்? 2024இல் விங்க் மியூசிக் மூடப்பட்டது, கானா 2022இல் இலவசமாகக் கேட்கும் வழியை மூடிச் சந்தாவுக்கு மாறியது. இப்படி ஆப் காணாமல் போனாலும், பெயர் மாறினாலும், உங்கள் ஆட்டோபே பட்டியலைப் பார்ப்பது நல்லது. சந்தாவே வேண்டாம் என்பவர்களுக்கு, சரிகம நிறுவனம் 2017இல் கொண்டுவந்த கார்வான் பெட்டி போன்றவை இருக்கின்றன, ஐயாயிரம் பாட்டோடு. தமிழிலும் வந்தது. ஒருமுறை காசு கொடுத்தால் முடிந்தது. அடுத்த பாட்டு எது என்பது மட்டும் அதன் இஷ்டம்.

காசு கொடுத்துப் பாட்டுக் கேட்பது தவறு என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தினமும் காலையும் மாலையும் கேட்கிறவருக்கு மாதம் நூற்றுச் சொச்சம் அதிகமில்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்கு உரிமைதாரர்களுக்குப் போகிறது. கட்டுங்கள், தெரிந்து கட்டுங்கள். வீட்டில் நான்கு பேர் கேட்டால் குடும்பத் திட்டம் லாபம், ஆனால் அதை யார் கணக்கில் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தாத்தாவின் கணக்கில்தான் என்பது பல வீடுகளில் தாத்தாவுக்கே தெரியாது.

இந்த வாரம் பாஸ்புக்கைப் பதிந்து, மூன்று மாதப் பக்கத்தைப் புரட்டுங்கள். 49, 59, 99, 119, 149 என்று சின்னத் தொகையாக, மாதாமாதம் ஏறக்குறைய ஒரே தேதியில் போகிறவற்றைப் பென்சிலால் கோடிடுங்கள். அவற்றில் எது எதற்கு என்று உங்களுக்குத் தெரியவில்லையோ, அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன், ஓய்வுபெற்ற வங்கி ஊழியன்

பி.கு.: உங்களில் சிலருக்குப் போன் செய்தால் மணிக்குப் பதில் பாட்டுக் கேட்கிறது. பெரும்பாலும் முருகன் பாட்டு, ஒருவருக்கு மட்டும் ரஜினி பாட்டு, அவர் பெயரைச் சொல்லமாட்டேன். காலர் டியூன் சிலருக்கு ரீசார்ஜோடு சேர்ந்தே வருகிறது, சிலருக்கு அதற்கென்று தனியாகக் கழிகிறது. ஸ்டார் பட்டனை அழுத்தினால் அந்தப் பாட்டு உங்களுக்கும் வரும் என்று சொன்ன காலத்தில் அழுத்தி வைத்தது அது. இப்படிப்பட்ட சேவைகளை இரண்டு முறை சம்மதம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013இல் உத்தரவிட்டது. நிறுத்துவதற்கான எண் 155223. அழைப்புக்குக் கட்டணம் இல்லை.